சட்டகத்துக்கு வெளியே நீளும் இழைகள்

ஒரு புரத இழை எவ்வளவு நீளம் என்று கேட்டால், அளந்து சொல்லிவிடலாம் என்றுதான் தோன்றும். இழை படத்தில் தெரிகிறது. இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை அளந்தால் தீர்ந்தது. ஆனால் அளவுகோலோடு நுண்ணோக்கிப் படத்தின் முன் உட்கார்ந்தவுடன் வேறு கேள்விகள் ஒவ்வொன்றாக எழத் தொடங்கும். நுனி என்று எதைக் கொள்வது? இரண்டு இழைகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கையில், சந்திப்பைத் தாண்டி எது எந்தப் பக்கம் போகிறது? படத்தின் ஓரத்தைத் தொட்டு வெளியே போய்விட்ட இழையை என்ன செய்வது? அருகில் கிடக்கும் சிறு துணுக்கு உடைந்து விழுந்ததா, இனிமேல்தான் வளரப்போகிறதா? ஆய்வகங்களில் இந்தக் கேள்விகளுக்கு இன்று பெரும்பாலும் மென்பொருள்கள்தான் விடை சொல்கின்றன. ஒரு நொடியில் சொல்லிவிடுகின்றன; களைப்பில்லாமல் ஆயிரம் படங்களுக்குச் சொல்கின்றன. அந்த விடைகளுக்குள் யாருடைய முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நான் சொல்வது அமிலாய்டு வகை இழைகளை. தனக்குரிய வடிவில் மடிந்திருக்க வேண்டிய புரதம் அந்த மடிப்பை இழந்து, தட்டையாகி, தன்னைப் போன்ற இன்னொரு மூலக்கூறின்மேல் அடுக்காகப் போய் அமர்கிறது. அதன்மேல் இன்னொன்று. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி ஏறத்தாழ 4.7 ஆங்ஸ்ட்ராம், எந்தப் புரதமானாலும் இந்த இடைவெளி பெரிதாக மாறுவதில்லை. இழையின் தடிமன் 10 நானோமீட்டர் அளவில் நிற்க, நீளம் மட்டும் மைக்ரோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. அல்சைமர், பார்க்கின்சன், இரண்டாம் வகை நீரிழிவு என்று பல நோய்களில் உடலுக்குள் இவை படிகின்றன. நோய்க்கு வெளியேயும் இவை உண்டு. பாலில் உள்ள பீட்டா-லாக்டோகுளோபுலினை அமிலக் கரைசலில் சில மணிநேரம் சூடாக்கினால் குடுவைக்குள்ளேயே வளரும். எல்லாப் புரதங்களுக்குள்ளும் இப்படியொரு இரண்டாம் வாழ்க்கை காத்திருக்கிறதோ என்று எண்ணவைக்கும் பொருள் இது.

இவற்றைப் பார்க்கும் வழிகளில் ஒன்று அணுவிசை நுண்ணோக்கி. 1986-இல் பின்னிங், குவேட், கெர்பர் மூவரும் உருவாக்கியது. இதில் படத்தை உருவாக்குவது ஒளியும் இல்லை, லென்ஸும் இல்லை. மைக்காத் தகட்டின் மேல் இழைகளைப் படியவைத்து, ஒரு கூரிய ஊசிமுனை வரிவரியாக அதன்மேல் ஊர்ந்து மேடுபள்ளத்தைக் குறித்துக்கொண்டே போகும். நாம் பார்க்கும் படம் உண்மையில் உயரங்களின் பட்டியல். ஊசிமுனையும் இழையளவுக்குத் தடித்தது என்பதால், படத்தில் தெரியும் அகலத்தை நம்ப முடியாது. இழை எப்போதும் பருத்தே தெரியும். உயரத்தைத்தான் நம்பலாம். ஆக, முதல் அளவீட்டுக்கு முன்பே, எந்த எண் பொருளைச் சேர்ந்தது, எந்த எண் கருவியைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

இத்தகைய படங்களில் இழைகளைத் தொடர்ந்து செல்வதற்காக சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவான் உசோவும் ரஃபேலே மெசெங்காவும் 2015-இல் ஃபைபர்ஆப் என்ற திறந்தமூல மென்பொருளை வெளியிட்டார்கள். ஆய்வாளர் இழையின் மேல் சில புள்ளிகளைத் தொட்டுக் காட்டுவார். மென்பொருள் அவற்றுக்கிடையே பிரகாசமான பிக்சல்கள் வழியாகச் சிக்கனமான பாதையைத் தேடிப்பிடிக்கும். பிறகு அந்தப் பாதையின் மேல் ஒரு கோட்டை இட்டு, அதைத் தானாக நெளியவிட்டு, இழையின் நடுமுகட்டில் படியச் செய்யும். இந்த நெளியும் கோட்டை 1988-இல் ஒரு கட்டுரையில் விவரித்த காஸ், விட்கின், டெர்ஸோபௌலோஸ் அதற்குப் ‘பாம்பு’ என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தப் பாம்பின் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. படம் அதைத் தன் பிரகாசமான முகட்டை நோக்கி இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தில், கோட்டுக்கென்றே ஒரு விறைப்பு இருக்கிறது. அளவுக்குமீறி வளைந்தால் அதற்கு அபராதம். இந்த அபராதம் இல்லாவிட்டால் கோடு ஒவ்வொரு பிக்சலின் இரைச்சலுக்கும் துள்ளும். அதிகமானால் உண்மையான வளைவுகளையும் வழித்து நேராக்கிவிடும். எவ்வளவு வைப்பது என்று பயன்படுத்துபவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிறகு அந்தக் கோட்டிலிருந்து என்ன கணக்கிடுகிறார்கள்? பெரும்பாலும் இழையின் விறைப்பைத்தான். ஓர் இழை தன் திசையை மறந்துவிடாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதற்கு இயற்பியலில் ஓர் அளவு உண்டு. கோட்டின் இரு புள்ளிகளுக்கு இடையிலான நேர்த்தூரத்தையும் கோட்டின் வழியே உள்ள தூரத்தையும் ஒப்பிட்டு அதைப் பெறுகிறார்கள். இவ்வளவு விறைப்பாக இரு என்று நாமே சொல்லி வரைந்த கோட்டிலிருந்து விறைப்பை அளக்கிறோம். நல்ல ஆய்வாளர்களுக்கு இது தெரியும். அபராதத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, விடை அசையாமல் நிற்கும் எல்லைக்குள் மட்டும் அதை நம்புவார்கள். மைக்காவின் மேல் விழுந்த இழை புரண்டு தனக்கு வசதியான வடிவத்தைத் தேடிக்கொண்டதா, விழுந்த கணத்திலேயே ஒட்டிக்கொண்டதா என்பதும் சூத்திரத்தை மாற்றிவிடும். அதைப் படம் சொல்வதில்லை. சூத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் மனிதர்தான் சொல்கிறார்.

இந்த எண்கள் வெறும் கணக்கு விளையாட்டும் அல்ல. இன்சுலினிலிருந்து வளர்ந்த இழைகளைக் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அணுவிசை நுண்ணோக்கியால் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் 3.3 கிகாபாஸ்கல். அதாவது பட்டு நூலின் வரிசை. முறியாமல் தாங்கும் வலிமையோ எஃகை எட்டுகிறது. செல்லுக்குள் இப்படி ஒரு பொருள் குவிந்தால் அங்கே என்ன நேரும் என்று யோசிக்கும்போது, விறைப்பைச் சரியாக அளக்க ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது விளங்கும்.

நீளத்துக்கு வருவோம். படத்தின் ஓரத்தில் வெட்டுப்படும் இழைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். நியாயமாகத் தெரிகிறது, முழுதாகத் தெரியாததை எப்படி அளப்பது? ஆனால் இந்த நியாயம் எல்லா இழைகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. பக்கம் 5 மைக்ரோமீட்டர் உள்ள சதுரப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எளிமைக்காக, இழைகள் எல்லாம் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மைக்ரோமீட்டர் நீளமுள்ள இழைகளில், படத்துக்குள் தலைகாட்டுபவற்றில் 11-க்கு 9 முழுதாகத் தெரியும். 4 மைக்ரோமீட்டர் நீளமுள்ளவற்றில் 9-க்கு 1 மட்டுமே முழுதாகத் தெரியும். மற்றவை எல்லாம் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மென்பொருள் தந்த சராசரி நீளத்தை அப்படியே எழுதினால், நெட்டை இழைகள் அனேகமாக இல்லவே இல்லாத ஓர் உலகத்தை நாம் எழுதிவிடுவோம். இதைத் திருத்தக் கணக்கு உண்டு. ஆனால் திருத்த வேண்டும் என்று யாராவது ஒருவருக்குத் தோன்ற வேண்டும். பொத்தானை அழுத்தினால் அட்டவணை வந்துவிடும் இடத்தில், அப்படித் தோன்றுவதற்கான வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது என்பதுதான் என் கவலை.

ஏனென்றால் நீளம் முக்கியம். லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2009-இல் காட்டியது இது: ஒரே புரதத்தின் நீண்ட இழைகளைத் துண்டுதுண்டாக உடைத்தபோது, பொருளின் மொத்த அளவு மாறாமலேயே, செல்களுக்கு அவை இழைத்த தீங்கு கூடியது. வேதியியல் அதேதான், எடையும் அதேதான். மாறியது நீளப் பரவல் ஒன்றே. நீளப் பரவலைத் தப்பாக அளக்கும் நிரல், நச்சுத்தன்மையைப் பற்றியும் தப்பாகவே பேசும்.

மனிதக் கண் மட்டும் ஒழுங்காகவா இருந்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1854-இல் ருடால்ஃப் விர்ஹோ மூளையில் கண்ட படிவங்களின் மேல் அயோடினை ஊற்றினார். மாவுப்பொருளில் வருவதைப் போன்ற நிறம் வந்தது. மாவுப்பொருளின் உறவினர் என்று முடிவு செய்தார். அவர் கண்ணில் பிழை இல்லை. கேட்ட கேள்விக்கு அயோடின் சொல்லக்கூடிய விடை அவ்வளவுதான். இத்தகைய படிவங்கள் இழைகளால் ஆனவை என்று தெரிவதற்கு 1959-இல் கோஹனும் கால்கின்ஸும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவற்றை வைத்துப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1963-இல் அல்சைமர் மூளையின் நரம்புச் சிக்கல்களை ஒரே காலத்தில் இருவர் பார்த்தார்கள். லண்டனில் மைக்கேல் கிட் கண்டது ஒன்றையொன்று சுற்றிய இரட்டைச் சுருள் இழைகள். நியூயார்க்கில் ராபர்ட் டெர்ரி கண்டது முறுக்கிய நுண்குழாய்கள். இருவரும் தேர்ந்தவர்கள், பார்த்த பொருளும் ஒன்றே. அதனால் கையால் வரைந்த காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்போது வேறுபாடு இரண்டு பெயர்களோடு, இரண்டு கட்டுரைகளில் வெளியே தெரிந்தது. மென்பொருளுக்குள் அது ஓர் அளவுருவாகச் சுருங்கிவிடுகிறது. அளவுருவோடு யாரும் விவாதிப்பதில்லை.

சிக்கல் இன்னும் ஆழமாவது கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கியில். 2017-இன் வேதியியல் நோபல் பரிசு டுபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் கிடைத்தது இதற்காகத்தான். இழைகள் மிதக்கும் நீர்ப்படலத்தை, படிகமாக நேரமே கொடுக்காமல் உறையவைத்து, எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் படம் எடுக்கிறார்கள். எலக்ட்ரான்கள் புரதத்தைச் சிதைத்துவிடும் என்பதால் ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்குச் சில பத்து எலக்ட்ரான்களுக்குமேல் செலவழிக்க முடியாது. அந்தக் கஞ்சத்தனத்தின் விளைவாக வரும் படம் சாம்பல் நிறத்தில் மணல் இறைத்தது போலிருக்கும். அதற்குள் இழைகள் மங்கலான கீற்றுகளாகத் தெரியும். ஒரு கீற்றிலிருந்து எதையும் அறிய முடியாது. ஆயிரக்கணக்கான கீற்றுகளைத் துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுத்தால்தான் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அமைப்பு மேலே வரும்.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ஹெண்டர்சன் 2013-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைக் கண்முன் நிறுத்தினார். எதுவுமே இல்லாத வெற்று இரைச்சல் படங்களை ஏராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஐன்ஸ்டைனின் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, எங்கே நன்றாகப் பொருந்துகிறதோ அந்த நிலைக்கு நகர்த்துங்கள். பிறகு சராசரி எடுங்கள். ஐன்ஸ்டைன் வந்துவிடுவார். மீசையோடு, கலைந்த தலையோடு. இரைச்சலுக்குள் அவர் இருந்ததே இல்லை. தேடியவரின் கையிலிருந்த படம் இரைச்சலின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ஹெண்டர்சன் இதைப் பொழுதுபோக்காக எழுதவில்லை. எச்ஐவி கிருமியின் உறைப்புரத அமைப்பைக் கண்டதாக அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்தப் பொறியில்தான் விழுந்திருக்கிறது என்று துறையின் மூத்தவர்கள் சிலரோடு சேர்ந்து அவர் வாதிட்டுக்கொண்டிருந்தார்.

இழைத் துண்டுகளைப் படங்களில் தேடிப்பிடிக்கும் வேலையை இப்போது நரம்பியல் வலைப்பின்னல்கள் செய்கின்றன. கிரையோலோ, டோபாஸ் போன்றவை. முதலில் ஒருவர் சில பத்துப் படங்களில் இழைகளின் மேல் கோடு போட்டுக் காட்டுகிறார். வலைப்பின்னல் அதிலிருந்து கற்றுக்கொண்டு மீதி ஆயிரங்களைத் தானே பார்த்துக்கொள்கிறது. அந்த முதல் சில படங்களில் ஒருவர் எதை விட்டார், எதை எடுத்தார் என்பது பெருகிப் பெருகி லட்சக்கணக்கான துண்டுகளில் போய் நிற்கிறது. தனித்து, நேராக, நல்ல மாறுபாட்டோடு கிடக்கும் இழைகளைத்தான் இயல்பாக எவரும் தொடுவார்கள். கொத்தாகப் பின்னிக் கிடப்பவையும், உடைந்தவையும், சற்றே வளைந்தவையும் கற்பித்தலில் வராமலே போய்விடும். பிறகு அவை தரவிலும் வராது. கட்டுரையில் அவை இல்லாதது யாருக்கும் தெரியாது.

ஆனால் இந்தத் துறை தன்னைத் தானே சந்தேகித்துக்கொள்ளக் கற்றுவைத்திருக்கும் விதம் எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது. ஓர் உதாரணம். கிடைத்த அமைப்பு நம்பத்தக்கதா என்று பார்க்க, தரவை இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனியாக அமைப்பைக் கட்டி, இரண்டும் எவ்வளவு நுணுக்கம்வரை ஒத்துப்போகின்றன என்று பார்ப்பார்கள். இழைகளில் இதைக் கண்ணைமூடிக்கொண்டு செய்ய முடியாது. ஒரே இழையின் மேல் சட்டத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தித்தான் துண்டுகளை வெட்டுகிறோம். அடுத்தடுத்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். ஒன்று இந்தப் பாதியிலும் அடுத்தது அந்தப் பாதியிலும் போனால், இரண்டு பாதிகளிலும் அதே பிக்சல்கள், அதே இரைச்சல். இரைச்சல் இரைச்சலோடு ஒத்துப்போவதை அமைப்பு ஒத்துப்போவதாக எண்ணி ஏமாறுவோம். அதனால் ஓர் இழையின் எல்லாத் துண்டுகளும் ஒரே பாதியில்தான் இருக்க வேண்டும் என்று விதி. நிரலில் இது ஒரு சிறு நிபந்தனைதான். தாங்களே தங்களை ஏமாற்றிக்கொள்ளக் கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப்பார்த்தவர்கள் எழுதிய நிபந்தனை.

சுருள் வடிவத்தால் இழைகளுக்கு ஒரு வசதி வாய்த்திருக்கிறது. முறுக்கிப் பிடித்த நாடா ஒன்றை ஒரே பக்கமிருந்து பார்த்தாலும், அதன் நீளத்தில் ஓரிடத்தில் தட்டையான முகம் தெரியும், இன்னோரிடத்தில் விளிம்பு தெரியும். அதுபோல ஓர் இழையின் ஒற்றைப் படத்திலேயே அதன் எல்லாப் பக்கத் தோற்றங்களும் அடங்கியிருக்கின்றன. 1968-இல் டி ரோசியரும் ஏரன் குளூகும் எலக்ட்ரான் நுண்படங்களிலிருந்து முதன்முதலாக முப்பரிமாண அமைப்பை மீட்டெடுத்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளும் சுருளானதுதான்: டி4 வைரஸின் வால்.

தட்டைப் படங்களிலிருந்து கன வடிவத்தைக் கட்டியெழுப்பும் இந்தக் கணிதத்தில் ஜி.என். ராமச்சந்திரனுக்குப் பங்கு உண்டு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் முச்சுருள் அமைப்பை முன்வைத்தவர் அவர். 1971-இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, படங்களிலிருந்து முப்பரிமாணத்தை எளிதாக மீட்கும் ஒரு கணக்கிடும் முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேனில் ராம்-லாக் வடிகட்டி என்று இன்றும் புழங்குவது அதுதான். அந்தக் கட்டுரையின் தலைப்பு எக்ஸ்-கதிர்ப் படங்களோடு எலக்ட்ரான் நுண்படங்களையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்ப முடியாது என்று காட்டும் அவருடைய 1963-ஆம் ஆண்டு வரைபடத்தை வைத்துத்தான் இன்றும் ஒவ்வோர் இழையின் அணு மாதிரியையும் சரிபார்க்கிறார்கள். இழையைக் கட்டும் கணக்கு, கட்டியதைச் சோதிக்கும் கணக்கு என்று இரண்டு முனைகளிலும் ஒரே மனிதர் நிற்பதை நம் வாசகர்கள் போதிய அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

சுருளின் வசதி ஓர் ஆபத்தையும் உடன்கொண்டு வருகிறது. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு எவ்வளவு உயரம், எவ்வளவு திருகல் என்ற இரண்டு எண்களை நிரலுக்குக் கொடுக்க வேண்டும். அமிலாய்டு இழைகளில் உயரம் 4.7 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியது. திருகலோ பல வேளைகளில் ஒரு டிகிரியை ஒட்டியது. தவறான எண்ணைக் கொடுத்தாலும் நிரல் பார்வைக்கு நன்றாகவே இருக்கும் ஓர் அமைப்பைக் கட்டித் தந்துவிடும். இரண்டு பாதிகளும் அந்தத் தவறில் ஒன்றுபட்டு நிற்கும். வர்ஜீனியாவின் எட்வர்ட் எகல்மன் இதை ஆண்டுக்கணக்கில் எச்சரித்துவருகிறார். சுருள் இடப்பக்கம் திரும்புகிறதா, வலப்பக்கமா என்பதைக்கூட ஊடுருவிப் பார்க்கும் படம் தானாகச் சொல்லாது. நுணுக்கம் மிகக் கூடினால்தான் உள்ளிருக்கும் அணுக்கள் காட்டிக்கொடுக்கும். அதுவரை ஆய்வாளர்கள் பழைய ஊசிமுனையிடமே போகிறார்கள். மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும் அணுவிசை நுண்ணோக்கிக்குத் திருகின் திசை நேராகவே தெரிந்துவிடும்.

இத்தனை ஆபத்துகளையும் கடந்து வந்ததால்தான் 2017-இன் கண்டுபிடிப்பு என்னை அப்படி உலுக்கியது. கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் ஃபிட்ஸ்பேட்ரிக், கோடர்ட், ஷெரெஸ் குழுவினர், அல்சைமர் நோயால் இறந்த ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த, டௌ என்ற புரதத்தின் இழைகளுடைய அமைப்பை 3.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வெளியிட்டார்கள். கிட் 1963-இல் கண்ட அதே இரட்டைச் சுருள். ஒவ்வோர் அடுக்கிலும் ஆங்கில ‘சி’ வடிவில் மடிந்த இரண்டு மூலக்கூறுகள் முதுகைச் சேர்த்தாற்போல் பொருந்தியிருந்தன. பக்கத்தில் நேரான இழைகளும் கிடந்தன. அவற்றிலும் அதே மடிப்பு, சேர்ந்த விதம்தான் வேறு. அடுத்தடுத்த ஆண்டுகளில் பிக் நோய், தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டவர்களுக்கு வரும் மூளைத்தேய்வு, கார்ட்டிகோபேசல் சிதைவு என்று ஒவ்வொன்றாக வந்தன. புரதம் ஒன்றே, மடிப்பு நோய்க்கு நோய் வேறு. ஒரே நோயால் இறந்த வெவ்வேறு மனிதர்களின் மூளைகளில் ஒரே மடிப்பு திரும்பத் திரும்ப வந்தது. குடுவையில் ஹெபாரின் சேர்த்து வளர்த்த டௌ இழைகள் இவை எதனோடும் ஒத்துப்போகவில்லை என்று 2019-இல் தெரிந்தபோது, பல ஆண்டுகளாக அந்தக் குடுவை இழைகளை நோயின் பிரதியாக வைத்துச் செய்த வேலைகளை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கான துண்டுகளைப் பொறுமையாக வகைபிரித்துப் பொருத்தும் தானியங்கிக் கணக்கு இல்லாமல் இதில் எதுவுமே நடந்திருக்காது. எந்த மனிதக் கண்ணுக்கும் இது சாத்தியமில்லை.

அதே அமைப்பில் சராசரி எதை விழுங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். டௌ புரதத்தின் மிக நீண்ட வடிவத்தில் 441 அமினோ அமிலங்கள் உண்டு. படத்தில் தெளிந்து வந்தவை 306 முதல் 378 வரையிலான 73 மட்டுமே. எஞ்சிய 368-உம் இழையின் வெளிப்புறத்தில் ஒழுங்கின்றி அலைந்துகொண்டிருப்பவை. ஒவ்வோர் இழையிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் சராசரியில் கரைந்து மூட்டமாகிவிட்டன. செல்லின் மற்றப் பொருள்கள் முதலில் முட்டிக்கொள்வது இந்த மூட்டத்தோடுதான். இதற்கும் முன்னால், மூளைத் திசுவை சார்கோசில் என்ற சோப்புப்பொருளில் கரைத்து, கரையாமல் எஞ்சியதைத்தான் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். சோப்பில் கரைந்துபோனவை எந்தப் படத்திலும் இல்லை. வகைபிரிக்கும்போது எந்த வகையிலும் சேராத துண்டுகளையும் குப்பை வகை என்று தள்ளிவிடுகிறார்கள். எத்தனை துண்டுகளோடு தொடங்கி எத்தனையில் முடித்தார்கள் என்று கட்டுரைகளின் அட்டவணையில் இரண்டு எண்கள் இருக்கும். நான் அந்த இரண்டு எண்களைத்தான் முதலில் பார்க்கிறேன். இடையில் விழுந்தவற்றில் சிதைந்த படங்கள் எவ்வளவு, நாம் எதிர்பாராத இழைகள் எவ்வளவு என்று அந்த அட்டவணை பிரித்துச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்வதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை.

எதிர்பாராத இழைகள் வெறும் கற்பனை அல்ல. நெற்றி-பொட்டுப் பகுதி மூளைத்தேய்வில் ஒரு வகை இருக்கிறது. அதில் டிடிபி-43 என்ற புரதம் மூளைச் செல்களில் திரள்வது வெகு காலமாகத் தெரிந்த செய்தி. கலிபோர்னியாவில் டேவிட் ஐசன்பெர்க்கின் குழு, அந்நோயால் இறந்த நால்வரின் மூளைகளிலிருந்து அமிலாய்டு இழைகளைப் பிரித்தெடுத்துப் படம் பிடித்தது. 2022-இல் வெளியான முடிவு எல்லோரையும் திகைக்கவைத்தது. நால்வரிடமும் கிடைத்த இழைகளில் டிடிபி-43 இல்லை. டிஎம்இஎம்106பி என்ற, யாரும் தேடாத வேறொரு புரதத்தின் 135 அமினோ அமிலத் துண்டு அங்கே இழையாக அடுக்கியிருந்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் குழுவும் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் நியூயார்க் குழுவும் அதே இழையைத் தனித்தனியாகக் கண்டிருந்தார்கள், வெவ்வேறு நோயாளிகளின் மூளைகளில். நோய் ஏதுமில்லாத முதியவர்களின் மூளைகளிலும் அது இருந்தது.

எந்தப் புரதம் என்று அவர்கள் எப்படி அறிந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. கையில் இருந்த எந்த மாதிரியும் அந்த மடிப்பில் பொருந்தவில்லை. பொருந்தாததைக் குப்பை வகையில் தள்ளிவிடாமல், கிடைத்த அமைப்பிலேயே ஒவ்வோர் இடத்திலும் எந்த அமினோ அமிலத்தின் பக்கக் கிளை இருக்கக்கூடும் என்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்கள். அந்த வரிசையை மனித உடலின் புரதப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயரைக் கண்டுபிடித்தார்கள். இப்படிப் படிக்கும் வேலைக்கே இப்போது நிரல் வந்துவிட்டது. ஷெரெஸ் குழுவின் மாடல்ஆஞ்சலோ, 2024-இல் வெளியானது, புரதத்தின் பெயரைச் சொல்லாமலே அமைப்பைக் கொடுத்தால் எந்த அமினோ அமிலம் எங்கே இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவுகளைத் தருகிறது. அவற்றைக் கொண்டு பட்டியலில் தேடலாம். என்ன தேட வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லாத நிரல் இது. எம்பியார் என்ற பொதுக் காப்பகத்தில் ஆய்வுக்குழுக்கள் தங்கள் மூலப்படங்களைச் சேமித்து வைக்கின்றன, தேர்ந்தெடுத்த துண்டுகளை மட்டுமல்லாமல் சட்டகம் முழுவதையும். அந்தப் படங்களை இறக்கி, வேறொருவர் வேறு இழைகளைத் தொட்டுக் காட்டி, முதலிலிருந்து மறுபடி தொடங்கலாம்.